கொடிநாள் போணி

எல்லையில் உயிரை விட்ட ஒரு சிப்பாயின் ஞாபகம் 1972 டிசம்பரில் தாம்பரம் மார்க்கெட்டில் பத்து பைசாவுக்குக் கிடைத்தது. அதே வாரம் முருங்கைக்காய் ஒன்று பதினைந்து பைசா.

இந்த விலை வித்தியாசம் முதலில் உறுத்தியது தையல்நாயகியை. பதினான்கு வயது, ஒன்பதாம் வகுப்பு. ராஜகீழ்ப்பாக்கத்தில் நிலத்தைப் பிளாட் போட்டு விற்ற காசில் அவள் அப்பா ஜெயவேலு மார்க்கெட்டில் வெங்காயக் கடை போட்டிருந்தார். பள்ளிக்கூடம் போகுமுன் தினமும் கல்லாவில் உட்காருவது அவள்தான். நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவன் வரதட்சணை கேட்டால், அவனையே பாதி விலைக்குப் பேசி முடித்துவிடுவாள் என்று மார்க்கெட்டில் அவளைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள்.

அமலராணி டீச்சர் வகுப்புக்குள் ஒரு கட்டுக் காகிதக் கொடியோடு வந்தார். கட்டைவிரல் அகலக் கொடி. சிவப்பு, கருநீலம், இளநீலம் என்று மூன்று பட்டை. தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று டீச்சர் விளக்கினார். நமக்காக உயிர் கொடுத்தவர்களை நினைத்துப் பார்க்கிற நாள், வசூலாகும் பணம் அவர்கள் குடும்பத்துக்குப் போகும், பத்து பைசாவுக்குக் குறையாமல் யார் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கலாம் என்றார். 

"எனி டவுட்ஸ்?"

தையல்நாயகி எழுந்தாள். "டீச்சர், இதோட அடக்க விலை எவ்ளோ?"

"வாட்?"

"காகிதம் அரைப் பைசா, குண்டூசி கால் பைசான்னு வெச்சாக்கூட, பத்து பைசாவுக்கு வித்தா..."

"இதுக்கு அடக்க விலையே கிடையாதும்மா. இது வியாபாரம் இல்ல."

"அடக்கமே இல்லியா? அப்ப நஷ்டமே வராது டீச்சர்! பஷ்ட் கிளாஸ் சரக்கு!"

வகுப்பு சிரித்து உருண்டது. டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, தியாகம் என்ற சொல்லைக் கரும்பலகையில் பெரிதாக எழுதினார். அதைப் பார்த்துப் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். வேறு வழியில்லாமல் கடைசிச் சரக்கை எடுத்து வெளியே வைத்தார்: அதிகம் வசூலிக்கும் பிள்ளையை விமானப்படைத் தளத்துக்குள் அழைத்துப்போய், திறந்த ஜீப்பில் ஓடுபாதையில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவதாக ஒரு அதிகாரி வாக்குக் கொடுத்திருக்கிறார்.

கொட்டாவி அந்த நொடியே நின்றது. தேசபக்தி வகுப்பில் பெருக்கெடுத்து ஓடியது.

அன்று ராத்திரி தையல்நாயகியின் கனவில் ஜீப் வந்தது. காற்றில் பின்னல் பறந்தது. அவளுக்கு இருந்த ஒரே இடைஞ்சல் லாசரஸ். அதே வகுப்பு, ரயில்வே கார்டு மகன்.

"ஜீப்பு எனக்குத்தான்," என்றான் லாசரஸ் மறுநாள். "எங்கப்பா பச்சைக் கொடி ஆட்டினாத்தான் ரயிலு நகரும். பெட்டில கீறவன் அத்தினி பேரும் என் கொடிய வாங்குற வரிக்கும் அவர் ஆட்ட மாட்டார்."

"போடா. எங்க மார்க்கெட்ல வெங்காயம் வாங்கினா எல்லாரும் அழுவாங்க. அழுவுறப்பவே கொடியக் குத்திடுவேன்."

தொடக்க விழாவை மார்க்கெட் வாசலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று வியாபாரிகள் சங்கம் பெரிய மனதோடு சம்மதித்தது. முதல் கொடியை விற்பது மார்க்கெட்டுப் பெண் தையல்நாயகி. டீச்சர் ஒரு விருந்தினரையும் ஏற்பாடு செய்திருந்தார்: ஸ்டேஷன் பக்கத்தில் இட்லிக் கடை போட்டிருக்கும் செல்லம்மா. அவள் புருஷன் குப்புராஜ் பட்டாளத்துக்காரன். போன டிசம்பர் சண்டையில் மேற்கு எல்லையில் போய்விட்டான். தந்தி வந்த அன்று மார்க்கெட்டே அரை நாள் கதவடைத்தது. சங்கத்தார் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். போணி மட்டும் துளசிங்கம் கையால்தான்.

போணி என்றால் நாளின் முதல் வியாபாரம். அது எந்தக் கையால் நடக்கிறதோ அந்தக் கையின் ராசிதான் அன்றைய வியாபாரம் என்பது மார்க்கெட்டின் சட்டம். அரிசி மண்டித் துளசிங்கத்தின் கை அசல் ராசிக் கை. குரோம்பேட்டையிலிருந்து மேடவாக்கம் வரை எங்கே கடை திறந்தாலும் அவரை ரிக்‌ஷா வைத்துக் கூட்டிப்போய் முதல் சாமானை வாங்க வைப்பார்கள். தொப்பையைத் தூக்கிக்கொண்டு போவார். திரும்பும்போது ஒரு வாழைத்தாரையும் தூக்கிக்கொண்டு வருவார்.

எந்தக் கை முதல் கையாக இருக்கக் கூடாது என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் வாங்க விடியற்காலையில் வரும் செல்லம்மா, கடைக்கு எதிரே விளக்குக் கம்பத்தடியில் பையோடு நிற்பாள். கல்லாவிலிருந்து தையல்நாயகி லேசாகக் கையை அசைப்பாள்: "இருக்கா, போணி ஆவட்டும்." அவளும் தலையாட்டுவாள். வேறு யாராவது வாங்கிய பிறகு, "வாம்மா செல்லம்மா," என்று ஜெயவேலு வாய் நிறையக் கூப்பிடுவார். எடையில் ஒரு வெங்காயம் கூடப் போடுவாரே தவிரக் குறைக்க மாட்டார். இதற்குள் முதல் மின்சார ரயில் போயிருக்கும். அந்த ரயிலுக்குப் போகிற தொழிலாளிகள் செல்லம்மாவின் இட்லியைச் சாம்பார் இல்லாமல் தின்றுவிட்டுத் திட்டிக்கொண்டே ஓடியிருப்பார்கள். யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. வழக்கம், அவ்வளவுதான்.

கொடிநாள் வியாழக்கிழமை விடிந்தது. தூறல். மார்க்கெட் வாசலில் வாழைமரம் கட்டி, மேசை போட்டு, விரிப்பு விரித்து, நாலு நாற்காலி. தலைமையாசிரியர் வந்துவிட்டார். பிள்ளைகள் உண்டியல் டப்பாவோடு வரிசையில் நின்றார்கள். செல்லம்மா வெளுத்த சேலையில் வந்து, மாலையெல்லாம் வேண்டாம் என்று சிரித்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். துளசிங்கத்தை மட்டும் காணவில்லை. அஸ்தினாபுரத்தில் ஒரு சைக்கிள் கடைக்குப் போணி பண்ணப் போனவர் மழையில் மாட்டிக்கொண்டார்.

"தொடங்கிடலாமே," என்றார் தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்து.

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் செல்லம்மா எழுந்தாள். யாரும் சொல்லவில்லை, யாரும் கையைக்கூட அசைக்கவில்லை. தானாகவே எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஓரமாகக் கூடை அடுக்கி வைத்திருந்த இடத்துக்குப் போய், சொட்டும் கூரைக்கடியில் நின்றுகொண்டாள்.

"எங்க போறீங்க சிஸ்டர்?" டீச்சர் பதறினார். "நீங்கதானே இன்னிக்கு முக்கியம்!"

"போணி ஆவட்டும் டீச்சர். அப்பால வந்து குந்திக்கிறேன்."

டீச்சர் திரும்பினார். "தையல், போணின்னா என்ன? அவங்க ஏன் அங்க போய் நிக்கணும்?"

வெங்காயம் ஏன் விலை ஏறுகிறது, ஆந்திராவில் மழை பெய்தால் தாம்பரத்தில் ஏன் கண்ணீர் வருகிறது என்று உலகத்துக்கே விளக்கம் சொல்லும் தையல்நாயகி வாயைத் திறந்தாள்.

"அது வந்து டீச்சர்... மொத வியாபாரம். மொத கை நல்ல கையா இருந்தாத்தான்... நல்ல கைன்னா... இவங்க கை..."

வாக்கியம் அதற்கு மேல் நகரவில்லை. எத்தனையோ காலைகளில் கையை அசைத்தே முடித்துவிட்ட விஷயத்தை வாயால் சொல்லப் பார்த்தால் நாக்கு கூசியது. குப்புராஜ் கணக்குக்கு வசூல் பண்ண ஒரு நாள்; அந்த நாளில் குப்புராஜ் பெண்டாட்டி மழையில் நிற்கிறாள், சைக்கிள் கடைக்குப் போன துளசிங்கத்துக்காக. டீச்சர் பலகையில் எழுதிய பெரிய சொல் அவளுக்கு அப்போதுதான் கொஞ்சம் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்தது.

ஆனால் ஜீப்? முதல் கை தப்பினால் நாளே தப்பும் என்பதை அவள் தாய்ப்பாலோடு குடித்தவள். திறந்த ஜீப், நீளமான ஓடுபாதை, பறக்கும் பின்னல், லாசரஸின் வயிற்றெரிச்சல். எல்லாவற்றையும் தட்டில் வைத்து ஒரு தரம் நிறுத்துப் பார்த்தாள். தனக்குத்தானே பேரம் பேசிப் பார்த்தாள். படியவில்லை. முதல் கொடியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கூடைகளைப் பார்த்து நடந்தாள்.

"ஏய் தையலு!" ஜெயவேலு பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டார். "அங்க இன்னா வேல ஒனக்கு? துளசிங்கம் வந்துகினே கீறாரு!"

"வர்ட்டும் நைனா. மெதுவா வர்ட்டும்."

கூடைகளுக்குப் பக்கத்தில் செல்லம்மா பின்வாங்கினாள். "அய்ய, இன்னா வெளாட்டுடி இது? நீ போ. ஒன் ஜீப்பு பூடும்."

"பூனா பூவட்டும். நீதான்கா போணி." கொடியை நீட்டினாள். நீட்டியவுடன், பழக்க தோஷம், நாக்கு தானாகவே விலை சொல்லிவிட்டது: "பத்து பைசா."

சொன்ன மறுகணம் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.  செல்லம்மா கொடியை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள், சொத்தைக் கத்திரிக்காயைப் பார்ப்பதுபோல.

"இதுக்குப் போன டிசம்பர்லியே குடுத்துட்டேனே கண்ணு," என்றாள். "பெரிய நோட்டாக் குடுத்தேன். மீதி சில்லறையக் குடு."

  அமலராணி டீச்சர் சட்டென்று குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். மழை அப்போது நின்றிருந்தது.

முதலில் சிரித்தது செல்லம்மாதான். "இன்னாடி முழிக்கறே? சில்லறை இல்லியா?"

"இல்லக்கா."

"அப்ப பாக்கி வெச்சுக்கோ. நானும் இங்கதான் கீறேன், நீயும் இங்கதான் கீறே." தோளில் கொடியைத் தானே குத்திக்கொண்டாள். வந்து நாற்காலியில், இந்த முறை முழுதாக, சாய்ந்து உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்து ரிக்‌ஷா வந்து நின்றது. துளசிங்கம் தொப்பலாக நனைந்து, மடியில் வாழைத்தாரோடு இறங்கினார். "எங்கப்பா கொடி? குடு குடு, நல்ல நேரம் முடியப் போவுது."

"போணி ஆயிட்ச்சு," என்றார் ஜெயவேலு தரையைப் பார்த்துக்கொண்டு.

"யாரு கை?"

 துளசிங்கத்தின் கண் செல்லம்மாவின் தோளில் போய் நின்றது. பிறகு அவள் கையில் போய் நின்றது. "காசு வாங்குனியா இல்லியா?"

"இல்ல," என்றாள் தையல்நாயகி. "பாக்கி."

"போணியே கடனா!" துளசிங்கம் வாழைத்தாரை நழுவவிட்டார். "ஜெயவேலு, ஒன் வூட்டுப் பொண்ணாய்யா இது? அந்தக் கை... அதுவும் கடன்!"

ஜெயவேலு மகளைப் பார்த்தார். செல்லம்மாவைப் பார்த்தார். இருபது வருஷமாகக் கல்லாவைப் பார்த்துப் பழகிய மனுஷன். யார் யாருக்குத் தர வேண்டும் என்பதில் மட்டும் அவருக்குத் தப்பு வராது.

"கடன் அந்தப் பொண்ணு வெக்கலய்யா," என்றார். "நாமதான் வெச்சுகினு கீறோம்."

 துளசிங்கம் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். பிறகு இடுப்பு பெல்ட்டில் கையை விட்டு ஈரமான ஒரு ரூபாய் நோட்டைப் பிரித்து எடுத்தார். "சரி, ரெண்டாவது கைக்கு ராசி தேவையில்ல, காசு இருந்தாப் போதும். ஒரு கொடி குடு. மீதி தொண்ணூறு பைசா எடு."

"இன்னாது, மீதியா?" ஜெயவேலு எகிறினார். "அந்தப் பொண்ணுக்கே சில்லறை தர்ல. ஒனக்கு இன்னாய்யா சில்லறை? கெடையாது, போ!"

கூட்டம் ஓவென்று கத்திச் சிரித்தது. துளசிங்கமும் வேறு வழியில்லாமல் தொப்பை குலுங்கச் சிரித்தார். தையல்நாயகி அந்தச் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டாள். எந்தச் சரக்குக்கும் ஒரு கூவல் வேண்டும். இந்தச் சரக்குக்குக் கிடைத்துவிட்டது.

"கொடி! கொடிநாள் கொடி! சில்லறை கெடையாது! வாங்கு சார், சில்லறை கெடையாது!"

அரை மணியில் மார்க்கெட் பைத்தியம் பிடித்து ஆடியது. எட்டணாவை நீட்டியவன் மீதி கேட்டால், பக்கத்திலிருந்தவன் அவன் தோளைத் தட்டி, "மொதல்ல செல்லம்மா சில்லறையக் குட்ரா," என்றான். மீன்காரி ஒருத்தி செதிலோடு ஒரு ரூபாய் கொடுத்தாள். கடன் சொல்லியே வாழ்ந்து வந்த சவுரிமுத்து எங்கிருந்தோ ரொக்கமாக இரண்டு ரூபாய் எடுத்துத் தானே அதிர்ச்சி அடைந்தார். பூசணிக்காய்க்குக் கொடி, தராசுக்குக் கொடி, வண்டிமாட்டின் கொம்புக்குக் கொடி. "கொசுறு ஒண்ணு குடும்மா," என்று கெஞ்சிய ஒரு பெரியவரிடம், "தாத்தா, எல்லைல போனவங்க கொசுறாவா போனாங்க?" என்று கேட்டாள் தையல்நாயகி. அவர் இன்னொரு நாலணாவை டப்பாவில் போட்டுவிட்டு, வெங்காயத்தை மறந்து வீட்டுக்குப் போனார். பிறந்ததிலிருந்து சரியாகச் சில்லறை எண்ணிக் கொடுத்து வளர்ந்த பெண், முதல் முறையாக யாருக்கும் சில்லறையே கொடுக்காமல் விற்றாள். தலை கிறுகிறுத்தது. கள் குடித்தால் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் எண்ணினார்கள். தையல்நாயகி டப்பாவில் எண்பத்தாறு ரூபாய் நாற்பது பைசா. லாசரஸ் டப்பாவில் எண்பத்தேழு ரூபாய் பத்து பைசா.

"எப்படிடா?" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

லாசரஸ் தலையைச் சொறிந்தான். "காலைல ஒன் கூவலக் கேட்டேன். ஸ்டேஷன்ல போயி நானும் அதையே கூவினேன். செல்லம்மாக்கா இட்லி துன்றவங்கதான் முக்காவாசிப் பேரு. அவங்களுக்கு மீதி தரணும்னு சொன்னதும் அள்ளிப் போட்டாங்க."

"அது எங்க கடைச் சரக்கு. கமிஷன் எடு."

"எவ்ளோ?"

"ஜீப்புல முன்சீட்டு."

"முன்சீட்டா! பின்சீட்டு தரேன்."

"போறதுக்கு முன்சீட்டு, வர்றதுக்குப் பின்சீட்டு."

முடிந்தது வியாபாரம். சனிக்கிழமை இரண்டு பேரும் போனார்கள். ஜீப் ஓடுபாதையில் பாய்ந்தபோது தையல்நாயகி முன்சீட்டில் எழுந்து நின்று, காரணமே இல்லாமல், "சில்லறை கெடையாதூஊ!" என்று கத்தினாள். ஜீப் ஓட்டியவர் வடக்கத்திக்காரர். அது ஏதோ தமிழ் வீர முழக்கம் என்று நினைத்து அவரும் சேர்ந்து கத்தினார்.

இதற்குள் மார்க்கெட்டில் வேறொன்று நடந்திருந்தது. எழுபது பைசாவில் தோற்றதைக் கேட்டு, "பாத்தியா, போணிக் கை," என்று கொடிநாள் இரவே ஒருவன் முணுமுணுத்தான். ஜெயவேலு அவனை ஒரு பார்வை பார்த்தார். "போன வருஷம் மார்க்கெட் மொத்தமும் சேந்து முப்பத்தொரு ரூவா. இந்த வருஷம் எம் பொண்ணு ஒருத்தி டப்பால மட்டும் எம்பத்தாறு. இதான்யா அசல் ராசிக் கை! துளசிங்கம் கையில வாழத்தாருதான் வரும்." மனசாட்சி சொல்லிக் கேட்காத மார்க்கெட், வசூல் சொன்னதும் கேட்டது. வெள்ளிக்கிழமை விடியுமுன்னே செய்தி எல்லாக் கடைக்கும் போய்விட்டது.

அன்று காலை செல்லம்மா பையோடு வந்து வழக்கம்போல விளக்குக் கம்பத்தடியில் ஒதுங்கினாள். நாலா பக்கமும் குரல் எழுந்தது. "செல்லம்மா, இங்க வாம்மா!" "தக்காளி பாரு தாயி!" "மொதல்ல நம்ம கட!" கத்திரிக்காய்க்காரர் குறுக்கே வந்து நின்றார். கல்லாவில் இருந்த தையல்நாயகி எழுந்து கையை அசைத்தாள். இந்த முறை அந்தக் கை, வா என்றது.

செல்லம்மா நாலு பக்கமும் பார்த்தாள். விஷயம் விளங்க அவளுக்கு அரை நிமிஷம் ஆனது. விளங்கியதும் அவள் முகத்தில் ஒரு வியாபாரச் சிரிப்பு பரவியது. போணிக்கு வருகிறவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. கேட்ட விலைக்குக் கொடுத்தே ஆக வேண்டும். அது மார்க்கெட்டின் மீற முடியாத சட்டம், அதை அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"சின்ன வெங்காயம் எப்டிண்ணே?" என்றாள் ஜெயவேலுவிடம்.

"ஒனக்காவ எழுவத்தஞ்சும்மா."

"நாப்பத்தெட்டுக்குப் போடு. மூணு கிலோ."

"அடக்கமே அறுபத்தெட்டும்மா!" ஜெயவேலு அலறினார்.

"அப்ப வாணாம். கத்திரிக்காக் கட பக்கம் போறேன். போணி பண்ணிக் குடுன்னு அவரு கூப்டுகினே கீறாரு."

ஜெயவேலு அழாத குறையாக நிறுத்துப் போட்டார். செல்லம்மா ஒரு ரூபாய் நாற்பத்துநாலு பைசாவை எண்ணி வைத்துவிட்டு, கொசுறாக ஒரு கொத்துக் கறிவேப்பிலையை அவளே எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, முதல் ரயிலுக்குச் சாம்பார் கொதிக்க வைக்க ஓடினாள்.

"காலங்காத்தால அறுபது பைசா நஷ்டம்," என்று நெஞ்சில் கை வைத்தார் ஜெயவேலு. "இத எந்தக் கணக்குல எழுதறது?"

"நான் எழுதறேன் நைனா." தையல்நாயகி பென்சிலை எச்சில் தொட்டு, கல்லாவுக்கு மேல் சுவரில், கடன்காரர்கள் பெயரெல்லாம் எழுதும் இடத்தில், முதன்முறையாகத் தங்கள் கடையின் பெயரையே எழுதினாள்.

செல்லம்மாவுக்குத் தர வேண்டிய மீதி சில்லறை. அதில் இன்று கழிந்தது: அறுபது பைசா. பாக்கி: மற்றது முழுவதும்.